மூன்றாவது ஒடுக்கு

பாத்திரத்தில் ஒடுக்கு விழுந்தால், அதை எடுத்துத் தரத்தான் எல்லோரும் ஆள் தேடுவார்கள். நம்ம செம்புக்காரருக்கு மட்டும் ஒடுக்கு வைத்துக் கொடுக்கச் சம்பளம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் விஸ்கி காய்ச்சுகிறவர்கள் முன்னால் சிரித்துவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார்கள்.

விஷயம் இதுதான். விஸ்கி வடிப்பது பெரிய செம்புக் கொப்பரையில். கீழே இரண்டு ஆள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத வயிறு, மேலே நீண்ட கழுத்து. முளைகட்டிய பார்லியைப் புளிக்கவைத்து அதில் ஊற்றிக் காய்ச்சினால், ஆவி கழுத்து வழியாக ஏறி, அந்தப் பக்கம் குளிர்ந்து சொட்டும். இருபது இருபத்தைந்து வருடத்தில் செம்பு தேய்ந்து மெலிந்துவிடும், புதுசு செய்தாக வேண்டும். புதுசு என்றால் அச்சு அசல் பழசைப் போலவே. பழைய கொப்பரையில் எங்கே ஒடுக்கு இருந்ததோ, புதுசிலும் அதே இடத்தில், அதே ஆழத்துக்கு ஒடுக்கு இருக்க வேண்டும். ஆவி எங்கே முட்டி எங்கே திரும்புகிறதோ அதில்தான் ருசி இருக்கிறது என்று அவர்கள் நம்புகிறார்கள். நம்பிக்கையோ பயமோ, வடிசாலைக்கு வடிசாலை இதே கதைதான்.

செம்புக்காரர் அந்தப் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் சுத்தியல் பிடித்தவர். சக வேலைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'இன்னொரு தட்டு'. எல்லோரும் வேலை முடிந்தது என்று கையைத் துடைக்கும்போது, "இரு, இன்னும் ஒரே ஒரு தட்டு" என்பார். சத்தத்திலேயே வாழ்ந்து காது கொஞ்சம் மந்தம். அதனால் எதையும் உரக்கத்தான் பேசுவார். அவர் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட மனுஷன் ஒரே ஒரு ரகசியத்தை மட்டும் பத்து வருடம் வயிற்றுக்குள் வைத்திருந்தார் என்றால், அது எவ்வளவு பெரிய சங்கடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையடிவாரத்தில் ஒரு வடிசாலை. அங்கே கொப்பரை மாற்ற ஆர்டர் வந்தது. செம்புக்காரர் நேரில் போய், பழைய கொப்பரையைச் சுற்றி வந்து, குனிந்து நிமிர்ந்து அளவெடுத்தார். மொத்தம் மூன்று ஒடுக்கு. தோள்பட்டையில் ஒன்று, வயிற்றின் முன்பக்கம் உள்ளங்கை அகலத்தில் ஒன்று, சுவரைப் பார்த்த பின்பக்கத்தில் இன்னொன்று. ஒரு கெட்டி அட்டையில் முதல் இரண்டையும் வரைந்தார். இடம் போதவில்லை. அட்டையைத் திருப்பி மூன்றாவதைப் பின்பக்கம் வரைந்தார். பட்டறைக்கு வந்ததும் அட்டையைத் தன் மேசைக்கு மேலே சுவரில் நாலு ஆணியடித்து மாட்டினார். நாலு மாதம் தினமும் அதைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தார். சுவரில் அடித்த அட்டைக்கு ஒரு பக்கம்தானே தெரியும்?

புதுக் கொப்பரை போய்ச் சேர்ந்தது. பொருத்தியாயிற்று. பழசை வெட்டி உருக்கியும் ஆயிற்று. அடுத்த வேலைக்கு இடம் வேண்டுமென்று சுவரிலிருந்து அட்டையைப் பிடுங்கியவர், கையில் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் மூன்றாவது ஒடுக்கு. நாற்காலி எங்கே இருக்கிறது என்று தடவித் தேடி உட்கார்ந்தார்.

சொல்லிவிடுவதென்று உடனே போனை எடுத்தார். எதிர்முனையில் வடிசாலை அலுவலகப் பெண் அவரை வாயே திறக்க விடவில்லை. "கொப்பரை அருமையா ஓடுது, ஐயா! முதல் வடிப்பு இறங்கியாச்சு, பீப்பாயில ஊத்தியாச்சு!" என்று ஒரே குஷி. செம்புக்காரர் மென்று விழுங்கினார். "சும்மாதான், நல்லா இருக்கான்னு கேட்கலாம்னு" என்று வைத்துவிட்டார். இனி போய் ஒரு தட்டுத் தட்டினால், முன்னால் வடித்தது ஒரு ருசி, பின்னால் வடிப்பது ஒரு ருசி ஆகிவிடும் என்று தோன்றியது. நாளைக்குச் சொல்லலாம் என்றார், அடுத்த வாரம் என்றார். அப்புறம் சொல்லவே இல்லை.

விஸ்கியில் இருக்கிற வம்பே இதுதான். இன்றைக்குச் செய்த தப்பு பத்து வருடம் பீப்பாயில் கிடந்து ஊறி, அதற்கப்புறம்தான் வெளியே வரும். பீரில் இந்தத் தொல்லை இல்லை. இந்த மாதம் காய்ச்சினால் அடுத்த மாதம் குடித்துத் தீர்த்துவிடலாம். தப்பு இருந்தாலும் நாலாவது மடக்கில் தெரிந்துவிடும், கடைக்காரரைத் திட்டிவிட்டு வேறு கிளாஸ் வாங்கலாம். அதற்கப்புறம் செம்புக்காரர் முழுக்க முழுக்க பீர்க்காரர் ஆனார். வேலை விட்டதும் பட்டறைக்கு எதிரே இருக்கிற கடையில், ஜன்னலோரம், வேர்த்து வழிகிற கிளாஸ் ஒன்று. மேல் நுரையை உதட்டால் விலக்கி முதல் மடக்கை இறக்கும்போது, நாள் முழுக்கக் காதில் இருந்த சுத்தியல் சத்தம் அடங்கும். அந்த அரைமணி நேரம் அவர் ராஜா. விஸ்கியைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் மனைவிக்கு விஸ்கி என்றால் உயிர். குடித்துக் கவிழ்கிற ரகமில்லை. இரண்டு சொட்டை ஒரு மணி நேரம் முகர்ந்துகொண்டிருக்கிற ரகம். சலவை நிலையத்தில் வேலை பார்த்தவள். எந்தச் சட்டையில் என்ன கொட்டியது என்று முகர்ந்தே சொல்கிற மூக்கு. லீவு கிடைத்தால் இருவரும் வடிசாலை வடிசாலையாகப் போவார்கள். அவள் கிளாஸைச் சுழற்றி, மூக்கை விட்டு, நோட்டில் எழுதிக்கொள்வாள்: 'புதுச் செருப்பு. பேரீச்சை. மழையில் நனைந்த பலகை.' அவர் வண்டி ஓட்ட வேண்டியவர் என்பதால் குடிக்கமாட்டார். ஓட்டுநருக்கென்று வடிசாலைக்காரர்கள் ஒரு குட்டிப் பாட்டிலில் அவர் பங்கை ஊற்றி, வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அதுவும் அவளுக்கே போய்ச் சேரும். அப்படிச் சேர்ந்த குட்டிப் பாட்டில்கள் ஜன்னல் விளிம்பு முழுக்க நின்றன.

மலையடிவார வடிசாலைக்கு மட்டும் அவர் கூட்டிப் போனதே இல்லை. அவளுக்கு மிகவும் பிடித்ததே அந்த விஸ்கிதான். பழைய கொப்பரைக் காலத்துப் பாட்டில் ஒன்றை அலமாரியில் பூட்டிவைத்து, நல்ல நாளுக்கு ஒரு சொட்டு என்று எடுப்பாள். "ஒரு தடவை அங்க போயிட்டு வரலாமே" என்று கேட்டால் ரோடு சரியில்லை என்பார். ரோடு போட்டபிறகு, பாத்ரூம் சரியில்லை என்பார்.

மகள் வந்து குட்டையைக் குழப்பினாள். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அதே வடிசாலையைச் சுற்றிப் பார்க்க இரண்டு டிக்கெட். "அப்பா, புதுக் கொப்பரையில வடிச்ச முதல் பத்து வருஷ விஸ்கி இப்பதான் வெளிய வருதாம். நீங்க செஞ்ச கொப்பரை! அம்மாதான் முதல்ல குடிக்கணும்." மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. செம்புக்காரர் சிரிக்கிற மாதிரி பல்லைக் காட்டினார்.

போகிற வழியெல்லாம் மனைவி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். வடிசாலை கேட் கண்ணில் பட்டதும் அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"ஏங்க நிறுத்துறீங்க? கேட் அதோ இருக்கு."

"ஒரு விஷயம் சொல்லணும்."

அவர் முகத்தைப் பார்த்து அவள் பயந்துபோனாள். "டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"இல்ல."

"வேற யாராவது பொம்பளையா?"

"ஐயோ, ஒடுக்கும்மா!" என்று கத்தினார். பிறகு அட்டை, ஆணி, போன் எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார். சொல்லி முடித்தபோது ஸ்டீயரிங் ஈரமாக இருந்தது.

அவள் இருக்கையில் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "பத்து வருஷமா ரோடு சரியில்ல, பாத்ரூம் சரியில்லன்னு கதை விட்டிருக்கீங்க" என்றாள்.

"ஆமா."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"உன் மூக்குக்குத்தான் பயந்தேன். வேற எவன் குடிச்சாலும் கண்டுபிடிக்க மாட்டான். நீ ஒரு தடவை முகர்ந்தா போதும், என்னமோ குறையுதுன்னு சொல்லிடுவே. உனக்குப் பிடிச்ச ஒரே சரக்கு, அதை நானே கெடுத்துட்டேன்னு ஆயிடும்."

அவள் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவர் மடியில் போட்டாள். "முகத்தைத் துடைச்சுக்கிட்டு வண்டிய எடுங்க. என்னன்னு பார்த்துடலாம்."

அன்று சுத்தம் செய்யும் நாள். கொப்பரை ஆறியிருந்தது. சுற்றிக்காட்டுகிற பெண் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு, பார்லி, புளிக்கிற தொட்டி எல்லாம் காட்டி, கடைசியில் கொப்பரை முன்னால் நிறுத்தினாள். செம்பு தகதகவென்றிருந்தது. "இதுல இருக்கிற ஒவ்வொரு ஒடுக்கும் பழசுல இருந்தபடியே வச்சது" என்று அவள் சொன்னபோது, செம்புக்காரர் ஒரு தடியன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மனைவி அவர் சட்டைக் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தது. இவர்கள் கிளம்பும்போது, மேலே வால்வைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் படியிறங்கி ஓடிவந்தார். நரைத்த தலை, கையில் எண்ணெய்த் துணி. கொப்பரையைப் பார்த்துக்கொள்கிற ஆள்.

"ஐயா, நீங்கதானே? அளவெடுக்க வந்தீங்களே?"

செம்புக்காரர் வாசல் பக்கம் பார்த்தார். மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தார்.

"ஒரு நிமிஷம் வாங்க. அம்மா, நீங்களும்." அவர்களை இழுத்துக்கொண்டு கொப்பரைக்குப் பின்னால், சுவரோரச் சந்துக்குப் போனார். எங்கே அந்த மூன்றாவது ஒடுக்கு இருந்திருக்க வேண்டுமோ, சரியாக அங்கே நின்றார். செம்பு அங்கே வழவழவென்றிருந்தது. அதைத் தடவினார்.

"பத்து வருஷமா உங்களுக்கு நன்றி சொல்லணும்னு காத்திருக்கேன். பட்டறைக்கு வந்து சொல்ல தைரியம் வரல."

"நன்றியா?"

"நீங்க அளவெடுக்க வர்றதுக்கு முந்தின வாரம், லைட்டு மாத்துறேன்னு ஏணியைப் போட்டு, அது சரிஞ்சு இங்க இடிச்சிருச்சு. அன்னிக்கு விழுந்த ஒடுக்கு அது. யார்கிட்டயும் சொல்லல. நீங்க இங்க குனிஞ்சு டேப்பு வச்சப்ப என் உயிரே போச்சு. புதுசிலயும் அதை வச்சிடுவாங்க, இருபத்தஞ்சு வருஷ ருசி என்னால கெட்டுப்போகும்னு நாலு மாசம் தூங்கல. புதுசு வந்ததும் முதல்ல இங்கதான் ஓடிவந்து பார்த்தேன். சுத்தமா இருந்துச்சு." அவர் இன்னொரு தடவை அந்த இடத்தைத் தடவினார். "புது ஒடுக்குன்னு கண்டுபிடிச்சு, என்னைக் காட்டியும் கொடுக்காம விட்டீங்க பாருங்க. கைன்னா அது கை, ஐயா."

செம்புக்காரர் திருதிருவென்று முழித்தார். லேசாகத் தலையாட்டினால் போதும். பெரிய மனிதராகவே வெளியே போகலாம். ஆசையாகத்தான் இருந்தது. பக்கத்தில் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் பத்து வருடமாகக் கிடந்தது புரண்டு எழுந்து, அவரையறியாமல் வாய் வழியாக வந்துவிட்டது.

"நான் மறந்துட்டேன்யா!"

கட்டிடமே அதிர்ந்தது. மனைவி பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளேயே அவர் அட்டைக் கதையைச் சொன்னார். கொப்பரைக்காரர் ஒரு கணம் பேயறைந்தது போல நின்றார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, எண்ணெய்த் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். செம்புக்காரரும் உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டிய இரண்டு பேர் சந்துக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று தெரியாமல் கிடந்தார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் கிடந்திருப்பேன்.

ருசிபார்க்கும் அறையில் அவர்களுக்கான இடம் காலியாக இருந்தது. மேசையில் ஒரு கிளாஸ், பக்கத்தில் ஓட்டுநருக்கான குட்டிப் பாட்டில். மனைவி கிளாஸை எடுத்தாள். குடிக்கவில்லை. சுழற்றினாள், கண்ணை மூடினாள், மூக்கை உள்ளே விட்டாள். செம்புக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். ஏணிக்காரர் கதை கேட்டுப் பாரம் பாதி இறங்கியிருந்தது, மீதி அந்த மூக்கில்தான் இருந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். "நனைஞ்ச பலகை, தேன், மூடியே வச்சிருந்த அலமாரி. வீட்டுல இருக்கிற பழைய பாட்டிலுக்கு என்ன எழுதினேனோ, அதேதான்."

"நிஜமா? எனக்காகச் சொல்றியா?"

"மூக்கு விஷயத்துல நான் பொய் சொல்லி என்னைக்காவது பார்த்திருக்கீங்களா?" என்றவள், கிளாஸை அவர் பக்கம் தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள். "வண்டி சாவியைக் குடுங்க."

"உன் பிறந்தநாள் இது."

"என் பங்கு இதோ குட்டிப் பாட்டில்ல இருக்கு, வீட்டுல போய்ப் பார்த்துக்கிறேன். நீங்க செஞ்ச கொப்பரை. இன்னிக்கு நீங்க குடிங்க."

அவர் சாவியைக் கொடுத்தார். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தார். பத்து வருடத்துக்குப் பிறகு முதல் விஸ்கி. நாக்கில் சூடாகப் பட்டு, மெல்ல இறங்கி, எங்கேயோ ஆழத்தில் போய் உட்கார்ந்தது. கண்ணில் நீர் வந்தது. விஸ்கியின் காரம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது இல்லை.

அவள் நோட்டையும் பேனாவையும் எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். "சொல்லுங்க, எப்படி இருக்கு? பழமா, தேனா, மரமா? பீர்க்காரர் என்ன சொல்றாருன்னு எழுதணும்."

அவர் இன்னொரு மடக்கு குடித்து, யோசித்தார்.

"எதுவும் குறையல" என்றார்.

அவள் தேதி போட்டு, அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.