பாதைக்காரனுக்கு நான் எழுதிய புள்ளிகள்

குத்துச்சண்டைக்கு நடுவராகப் போகும் நாட்களில், என் மனைவி சோறு போடும்போதே சண்டையைத் தொடங்கிவிடுவாள்.

"உங்கட ஆளுக்குத்தானே புள்ளி போடப் போறீங்க? தாள இஞ்சயே எழுதிக் கொண்டு போங்களன்."

அவள் பிறப்பால் தென்சேரி, நான் வடசேரி. எங்கள் ஊர்களில் அம்மனுக்குக் கொம்பு முறிப்பார்கள். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று இழுக்கும். எவர் கொம்பு முறிகிறதோ அவர்களுக்கு வசைப்பாட்டு. இந்தப் பிரிவைச் சம்பந்தமில்லாத குத்துச்சண்டைக்கும் சனம் கொண்டுவந்துவிட்டது. அவள் சொன்னது பகிடிதான். எனக்கு அது முள்ளாகத் தைத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் மட்டக்களப்பில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளைக்கார அதிபரிடம் குத்துச்சண்டைச் சட்டங்களைப் படித்திருந்ததால், வருடாந்தப் போட்டியில் மூன்று நடுவர்களில் ஒருவனாக என்னையும் உட்கார்த்திவிடுவார்கள். பாரம் கூடிய பிரிவில் நான்கு வருடமாக ஒருவனே சாம்பியன். வடசேரிக்காரன். வவுணதீவுத் துறையில் பாதை இழுப்பவன். பாதை என்றால் எங்கள் பக்கத்தில், ஆளையும் வண்டியையும் ஏற்றி, கரைக்குக் கரை கட்டிய கயிற்றை இழுத்து வாவியைக் கடக்கும் மிதவை. அந்தக் கயிறு பிடித்த கை முகத்தில் பட்டால் பட்டவன் லேசில் எழும்பமாட்டான்.

ஐந்தாம் வருடம் அவனுக்கு எதிரே வந்தவன் புதியவன், தென்சேரி. பாதைக்காரன்தான் வென்றான். என் கண்ணால் பார்த்தேன். ஆனால் தன் பக்கம் சாய்ந்துவிட்டான் என்று ஒரு சொல் வந்துவிடுமோ என்ற பயத்தில், சந்தேகமான ஒவ்வொரு குத்தையும் புதியவனுக்கே எழுதினேன். மற்ற இரண்டு நடுவர்களும் ஆளுக்கொருவரைச் சொல்ல, என் தாள் சாம்பியனைக் கவிழ்த்தது. ஒவ்வொரு நடுவரின் புள்ளியையும் உரக்க வாசிப்பது அக்கால வழக்கம். ஊர் என்னை நியாயவான் என்றது. வெட்கமில்லாமல் எனக்கும் அது இனித்தது.

அதன்பிறகு பாதையில் ஏறும் தென்சேரிக்காரர்கள் அவன் முகத்துக்கு நேரேயே வசை பாடினார்கள். நானே இரண்டு முறை கேட்டேன். கேளாதவன் போல வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னொருக்காத் தோத்தா, பிறகு மேடையில ஏறவே மாட்டன்" என்று அவன் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தான்.

அடுத்த வருடமும் அதே இருவர். பின்னேர வெயில் முகத்தில் அடித்தது. முதல் சுற்று பாதைக்காரனுக்கு. எனக்கு மூச்சு வந்தது. இரண்டாவதில் மற்றவன் குனிந்து குனிந்து விலாவில் இறக்கத் தொடங்கினான். மூன்றாவதில் பாதைக்காரனுக்குக் கை ஏறவில்லை. விலாவிலேயே குத்து, திரும்பத் திரும்ப.

"கொம்பு முறியுது! கொம்பு முறியுது!" என்று தென்சேரிப் பக்கம் கத்தியது.

விழாதே, நின்றால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனம் அடித்துக்கொண்டது. அவன் விழவில்லை. கடைசி மணி அடித்தது.

மற்ற நடுவர்கள் என்ன எழுதினார்களோ தெரியாது. மேடையில் சண்டையை நடத்திய மத்தியஸ்தர் தாளுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பாதைக்காரன் வெல்லும்படி ஒரு புள்ளி கூட்டி எழுதி, மடித்துக் கொடுத்தேன்.

இந்தமுறையும் என் தாள்தான் தீர்ப்பு. வடசேரி மேடைக்கே பாய்ந்து அவனைத் தோளில் தூக்கியது. ஒரு வருடக் கடனைத் தீர்த்துவிட்ட நிம்மதி எனக்கு. அவன் தோளிலிருந்து இறங்கி, சனத்தை விலக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"வாத்தியார், போன வருசம் நான் வெண்டன். தோல்வி எண்டு எழுதினீங்க. இண்டைக்கு நான் தோத்துட்டன். வெற்றி எண்டு எழுதியிருக்கீங்க." உதடு வீங்கியிருந்ததால் சொல் மெதுவாகவே வந்தது. "ஒருக்காவெண்டாலும் என்ட கையப் பாத்து எழுதியிருக்கலாமே."

அவன் பல்லால் முடிச்சை அவிழ்த்து, கையுறைகளைக் கழற்றி என் முன்னால் வைத்துவிட்டுப் போனான். இழந்த பட்டத்தை மீட்டவன் என்று ஊர் அவனை ஒரு கிழமை கொண்டாடியது. அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பிறகு மேடை ஏறவேயில்லை.