ஒரே ஒரு பூச்சு

கட்டட வேலைக்காரர்கள் அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பதித்த டைல்ஸ் மேல் மட்டம் பார்க்கும் அந்தக் கருவியை வைத்தால் குமிழி நடுவைவிட்டு அசையாது. இருபத்தாறு வருஷமாக ஊரான் வீட்டுத் தரையிலேயே முட்டி தேய்ந்த மனுஷன். வாடகை வீட்டில் தையல் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒருக்களித்து நடக்கிற அவர் மனைவிக்கு இருந்தது ஒரே ஆசை, சொந்தமாக ஒரு வீடு.

அதற்காகத்தான் தான் வேலை பார்த்த கட்டடத்திலேயே ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டினார். பாதி அவள் தைத்துச் சேர்த்தது. எந்த வீடு என்று குலுக்கிப் போட்டதில் மூன்றாவது மாடி விழுந்தது.

சாவி கைக்கு வருமுன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று இருவரும் போனார்கள். மெஷின் ஜன்னலோரம் அடங்குமா என்று அவள் நாடாவால் அளந்துகொண்டிருந்தாள். அவர் குளியலறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

யார் வேலை என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாலாவது மாடியின் பதினோரு குளியலறையும் அவர் கைவேலைதான். டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் இறங்காதிருக்க இரண்டு பூச்சு பூசி, ஒருநாள் முழுக்கத் தண்ணீரைத் தேக்கிப் பார்க்க வேண்டும். "தேதி நெருங்குது, ஒரு பூச்சு போதும்ணே" என்றான் சூப்பர்வைசர். இவரும் ஒன்றோடு நிறுத்தி, மேலே அழகாக டைல்ஸைப் பதித்து, தண்ணீர் தேக்கிப் பார்த்ததாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

மறுநாள் தனியாகக் கட்டடக் கம்பெனி ஆபீசுக்குப் போய், ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும் என்றார்.

"கட்டடத்துல குறைன்னா எழுதிக் குடுங்க, முன்பணம் முழுசா வரும்" என்றாள் அங்கிருந்த பெண். "யார் செஞ்ச வேலைன்னு பதிவேட்டுல பார்த்துருவோம். சொந்தக் காரணம்னா ஒண்ணும் திரும்பி வராது."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மனைவியிடம் மட்டும் மறைக்கவில்லை. அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நாடாவைச் சுருட்டி மெஷின் டிராயரில் போட்டாள்.

"நமக்குத் தெரிஞ்சுது, ஓடி வந்துட்டோம். மத்த பத்து வீட்டுக்கு யாருங்க சொல்லுவா? நாம விட்ட வீட்டையும் யாராவது வாங்கத்தானே போறாங்க?"

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்தப் பத்து வீட்டுக்காரர்களிடம் போய்ச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பக்கத்துக் கட்டடத்தில் வேலை. முன்பணத்தைத் தொலைத்தவன் கூலியையும் விட முடியுமா? முதல் பூச்சு காய்ந்ததும் இரண்டாவதற்கு வாளியில் கலக்க உட்கார்ந்தார்.

"ஒண்ணு போதும்ணே" என்றான் அதே சூப்பர்வைசர்.

அவர் வாளியைத் தள்ளிவைத்துவிட்டு முதல் டைல்ஸைப் பதித்து, மேலே ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது.