ஒன்றும் தொங்காத ஆணி

கந்தோருக்குப் பெயின்ற் அடிக்க வந்தவர், என் கதிரைக்குப் பின்னால் சுவரில் இருந்த ஆணியைக் காட்டி, இதைப் பிடுங்கட்டோ என்று கேட்டார். அதில் ஒன்றும் தொங்கவில்லை, ஒருநாளும் தொங்கியதுமில்லை. கேட்டுக்கொண்டே குறட்டையும் கையில் எடுத்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கோ என்றேன். அந்த ஆணி, எனக்கு முன்பு இதே கதிரையில் இருந்த பிரதம லிகிதர் ஐயா தம் கையால் அடித்தது. ஒரு பதக்கம் மாட்டுவதற்காக, அதை வெல்லப் போவதற்கு ஒரு கிழமை முன்பாகவே அடித்தது.

காலை சரியாக எட்டேமுக்காலுக்கு வரவுப் பதிவேட்டில் அவர் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுப்பார். பிந்தி வந்தவர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்து வைக்கலாம். ஒருநாள் புத்தூரிலிருந்து வரும் என் பஸ் சில்லுக் காற்றுப்போய் நின்றதில் மூன்று நிமிடம் பிந்தினேன். நனைந்த குடையோடு நின்று கெஞ்சிப் பார்த்தேன். "தம்பி, கோடு போட்டாச்சு" என்றார். அவ்வளவுதான். அன்று முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் கோபம்.

ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கையில் அவருக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தது. வைத்தியர் நடக்கச் சொன்னார். இவரோ அரியாலைக் கரையோரமாக இரவில் பத்துக் கிலோமீற்றர் ஓடும் போட்டிக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கந்தோரில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். ஒருத்தன் மட்டும் முகத்துக்கு நேரே, பதக்கத்தைக் கொண்டுவந்து காட்டுங்கோ பாப்பம் என்றான். அடுத்த நாள் காலையில் சுவரில் ஆணி இருந்தது. அதற்குப் பிறகு அது உடம்புக்கான ஓட்டமாக இல்லை, மானப் பிரச்சினையாகிவிட்டது. துணைக்கு என்னைக் கூப்பிட்டார். என் லீவு விண்ணப்பம் அவர் மேசையில் கிடந்த நேரம் அது. ஓம் என்றேன்.

இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஓட்டம். பத்து மணிக்குப் பிறகு வருகிறவருக்குப் பதக்கம் இல்லை. அறிவுறுத்தல் தாளை ஐயா சுற்றறிக்கை மாதிரிக் கோடு போட்டுப் படித்திருந்தார். எல்லோர் நெற்றியிலும் ஒரு விளக்கு. அரை மணித்தியாலத்தில் பெரும்பாலானவர்கள் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தூரத்தில் ஒரேயொரு வெளிச்சம் மட்டும் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அந்த வேகம் ஐயாவுக்குப் பிடித்துவிட்டது. "உதிலை போற வெளிச்சத்தை விட்டிடாதையும்" என்றார்.

விடவில்லை. காலடியில் தண்ணீர் வந்தது. தாளின் ஐந்தாம் பந்தியில் கால் நனையலாம் என்று இருக்கிறது என்றார். கணுக்கால் போய் முழங்கால் வந்தது. முழங்காலும் அதற்குள் அடங்கும் என்றார். திரும்பிப் பார்த்தேன். எங்களுக்கும் பின்னால் வந்த ஐந்தாறு பேர், எங்கள் வெளிச்சத்தை நம்பி வரிசையாகக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் முன்னால் போன வெளிச்சம் நின்று எங்கள் பக்கம் திரும்பியது. இடுப்பில் பறிக்கூடை கட்டிய ஒரு மனிதர்.

"நான் நண்டு பிடிக்க வந்தனான். நீங்கள் ஏன் எனக்குப் பின்னாலை வாறியள்?"

ஐயா அறிவுறுத்தல் தாளைச் சட்டைப்பையில் தேடினார். நண்டெல்லாம் கலைந்துபோன ஆத்திரத்திலும் அந்த மனிதர் கரையைக் காட்டிவிட்டார். திரும்பும்போது ஐயாவின் ஒரு சப்பாத்தைச் சேறு வாங்கிக்கொண்டது. குனிந்து துழாவினோம், அகப்படவில்லை. கரையேறியபோது மணி ஒன்பது பத்து. பாதையில் முழுக்கச் சிப்பி. முடிவிடத்தின் வெளிச்சம் தெரியும்வரை சேர்ந்தே நடந்தோம். வெறுங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தபடி, "நீர் ஓடும் தம்பி. ரெண்டு பேரும் பிந்துறதிலை பிரயோசனமில்லை" என்றார். மனமில்லாமல்தான் ஓடினேன். ஆனால் ஓடினேன். பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது என் கழுத்தில் பதக்கம் விழுந்தது.

அவர் ஒற்றைச் சப்பாத்தோடு நொண்டி நொண்டி வந்து சேர்ந்தபோது பத்தே மூன்று. பெயர் பதிந்துகொண்டிருந்த பிள்ளைக்கு அவர் கோலத்தைப் பார்த்து மனம் இளகிவிட்டது. மிஞ்சியிருந்த பதக்கத்தில் ஒன்றை எடுத்து, மூன்று நிமிடம்தானே ஐயா, ஒருத்தருக்கும் தெரியாது என்றாள். வாங்குங்கோ, வாங்குங்கோ என்று என் மனம் அடித்துக்கொண்டது. அவர் அதை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கோடு போட்டாச்சுப் பிள்ளை" என்றார்.

பேனையை வாங்கி, வந்த நேரத்தைப் பத்து மூன்று என்று தாமே எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்தப் பஸ் நாளின் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், கழுத்தில் கிடந்ததைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

இப்போது சிவப்புக் கோடு நான்தான் இழுக்கிறேன். ஐயா நீர்வேலியில் வாழைத் தோட்டத்தோடு இருக்கிறார். பெயின்ற்காரரை நிற்கவைத்துவிட்டு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறோம், உங்கடை ஆணியைப் பிடுங்கட்டோ ஐயா என்று கேட்டேன். மறுபக்கத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டர்ச் சத்தம் கேட்டது. அதை நிற்பாட்டினார்.

"இந்த வருச ஓட்டம் எப்பவாம்?" என்றார்.

ஆணியைச் சுற்றிப் பெயின்ற் அடிக்கச் சொன்னேன்.