ஒரேத்தோ கரையின் கடைசிக் கொட்டைகள்

ஒரேத்தோ ஆற்றோரம், நான் துப்புரவு வேலைக்குப் போகும் வீட்டின் பின்பள்ளத்தில் ஓர் ஓக் மரம் நின்றது. அந்தக் கரையில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். மாரியில் ஆறு ஏறினால் அடிமரம் தண்ணீரில் நிற்கும். இலையில்லாமல் உறங்கும் காலம் என்பதால் சேதமில்லை. வெள்ளம் விட்டுப்போகும் வண்டல்தான் அதன் சாப்பாடு. மற்ற மரங்கள் எல்லாம் துளிர்த்த பிறகே அது துளிர்க்கும். முதல் துளிர் கண்ட நாளை வருடந்தோறும் கலண்டரில் குறிப்பேன். மரங்களைப் பற்றிய புத்தகம் ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன்.

வீட்டுக்கார சின்யோராவின் மகன் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று இடிபாடுகளைக் கொட்டிப் பள்ளத்தை நிரப்பினார். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் மூச்சு விடுகிறது. அடுத்த கோடையில் உச்சிக் கொப்புகள் பட்டுப்போயின. அந்த நவம்பரில் மரம் ஒருபோதும் காய்க்காத அளவு காய்த்தது. பெப்ரவரியில் வெட்டப்போவதாக சின்யோரா சொன்னார். அவருக்கு மனமில்லை, ஆனால் காணி மகனுடையது.

விழுந்த கொட்டைகள் கார்ச் சில்லுகளுக்கு அடியில் நசிந்தன. முன்பு அவற்றைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு மறந்துவிடும் பறவைகளும் வருவதில்லை. புழுத் துளை இல்லாதவையாகப் பார்த்து ஒரு பை பொறுக்கி, நகருக்குள் அல்பெர்கேரியாவில் நாங்கள் குடியிருந்த வீட்டுப் பல்கனியில் வைத்தேன். ஒன்று முளைத்தாலும் கரையில் வேறிடத்தில் நட்டுவிடலாம். மண் வாங்க ஞாயிறுதான் நேரம் கிடைத்தது; மற்ற நாட்களில் இருட்டில் போய் இருட்டில்தான் திரும்புவேன்.

மண்ணோடு வந்து பார்த்தால் கொட்டைகள் தட்டில் பரவிக் கிடந்தன. மனைவி ஊரில், வன்னியில் நெல் விதைத்த குடும்பத்தவள். ஈரவிதை பழுதாகிவிடும் என்று, சிரொக்கோ என்ற வறண்ட வெப்பக்காற்று வீசிய அந்தக் கிழமை முழுவதும் வெயிலில் காயவைத்திருக்கிறாள். ஒன்றை எடுத்து என் காதருகே குலுக்கினாள்.

“இஞ்சேருங்கோ, கிலுகிலுக்குது. உங்கடை புத்தகத்திலை இதெல்லாம் எழுதியிருக்காது, என்ன?”

எழுதியிருந்தது. ஓக் கொட்டை விழுந்த ஈரத்திலேயே குளிருக்குள் வேர்விட வேண்டும். காய்ந்தால் உள்ளே உயிர் இராது. அதை அவளுக்குச் சொல்லாமல், அடுத்த நாள் வேறு கொட்டை தேடி மரத்தடிக்குப் போனேன், நசிந்த ஓடுகள்தான் கிடந்தன.

காய்ந்தவை எல்லாவற்றையும் சாடிகளில் நட்டோம். பெப்ரவரியில் மரத்தை வெட்டினார்கள். வேலைக்குப் போகுமுன் அவள் தினமும் சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். மே மாதம் ஒரு காலை, விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“அந்த மரமும் பிந்தித்தானே துளிர்க்கிறது?”

“ஓம்,” என்றேன். “பிந்தித்தான்.”