லோடு: தொண்ணூறு கிலோ

என் அத்தானுக்கு எதைப் பார்த்தாலும் அதன் எடை தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் இருப்புக் கொள்ளாது. லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடையில் முப்பத்தொரு வருஷமாக வேலை பார்க்கிறவர். வெற்று எடை, ஓட்டுநர், லோடு, மொத்தம் என்று நாலு கட்டம் போட்ட சீட்டு ஒன்று உண்டு. அதை ஒரு நாளைக்கு இருநூறு எழுதுவார். முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது உட்காரச் சொன்னோம். நாற்காலியைத் தூக்கிப் பார்த்து, “நாலரை கிலோ இருக்கும்” என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். என் அக்கா சிரித்துவிட்டாள். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. பெரிய மருத்துவமனை ஒன்றின் ரெக்கார்டு அறை அவள் பொறுப்பில் இருக்கிறது. பெரிய டாக்டரே நேரில் வந்து நின்றாலும், சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஃபைல் கைக்கு வரும். வீட்டிலும் அதே கெடுபிடிதான். டார்ச் லைட் வேண்டுமென்றால்கூட எதற்கு என்று சொல்லியாக வேண்டும். இந்த இரண்டு பேரும் குடியிருக்கும் வீட்டின் மாடியில் தனி ஆளாக நான் இருக்கிறேன். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை எனக்கு. அந்தச் சுமை போதாதென்று வீட்டிலும் சுமக்க வைத்தார்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கல்யாணமான புதிதில் அத்தானிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே சீட், கூரை கிடையாது, சிவப்பு நிறம். பார்க்க ராஜா மாதிரி இருக்கும், இழுவை மட்டும் கிடையாது. ஊர்க்கோடியில் தண்ணீர்த் தொட்டி மேடு என்று ஒன்று இருக்கிறது. மேலே போனால் ஊர் முழுக்கத் தெரியும். நாலு ஞாயிற்றுக்கிழமை அக்காவை அங்கே அழைத்துப் போனார். நாலு முறையும் பாதி மேட்டில் வண்டி மூச்சு வாங்கி நின்றது. நாலு முறையும் அக்கா இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து மேலே போனாள். ஒரு தடவை பின்னால் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்களாம். அப்படியும் அவளுக்கு அந்த வண்டி மேல் ஆசை போகவில்லை. அதை ஓட்டுவதற்கென்றே லைசென்ஸ் எடுத்தாள்.

லைசென்ஸ் கைக்கு வந்த வாரம் என்ஜினில் விரிசல் விட்டது. “ரெண்டே வாரம், கழட்டி மாட்டிடறேன்” என்று அத்தான் ஷெட்டுக்குள் போனார். போல்ட் போல்ட்டாகக் கழற்றினார். கழற்றக் கழற்ற அக்கா ஒவ்வொன்றையும் பையில் போட்டு, எண் ஒட்டி, பதிவேட்டில் எழுதி, அட்டைப் பெட்டிகளில் அடுக்கினாள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பை. அந்த இரண்டு வாரம் பத்தொன்பது வருஷமாக நீண்டது. லைசென்ஸை மட்டும் அக்கா கெடு தவறாமல் புதுப்பித்து வந்தாள். ஏன் என்று கேட்டால், “இருக்கட்டும்” என்பாள்.

போன வருஷம்தான் விடிவு வந்தது. அவசரம் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறான். எதைக் கேட்டாலும் ஆறு மாசம் ஆக்குவதால் அந்தப் பெயர். மோதி நொறுங்கிய வேன் ஒன்றிலிருந்து முழு என்ஜின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். பழைய என்ஜின் ஆயிரத்து நூறு சிசி. இது இரண்டாயிரம். “எவ்வளவு லோடு இழுக்கணும், சொல்லுங்க சார். அதுக்கேத்த கியர்பாக்ஸ் பார்க்கிறேன்” என்றான். எடையைக் கேட்டால் அத்தான் சும்மா இருப்பாரா? தன் வேலையிடத்துச் சீட்டு ஒன்றை எடுத்து நிரப்பி ஷெட் சுவரில் ஒட்டினார்.

வெற்று எடை: 790. ஓட்டுநர்: 70. லோடு: 90, அடைப்புக்குள் அக்காவின் பெயர்.

அக்காவின் எடை இவருக்கு எப்படித் தெரியும்? மத்தியானம் அவள் ஸ்கூட்டரில் எடைமேடைக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டு போன ஒரு நாள், “கீழே ஒரே சேறா இருக்கு, மேடை மேலயே நிறுத்து” என்று சொல்லியிருக்கிறார். அவளோடு சேர்த்து ஸ்கூட்டர் 190. அவள் இறங்கியதும் 100. கழித்து எழுதிக்கொண்டார். கட்டிய மனைவியை அவளுக்கே தெரியாமல் லாரிக் கணக்கில் எடை போட்ட ஆள் உலகத்தில் இவர் ஒருவர்தான் இருக்க முடியும்.

சீட்டை முதலில் படித்தவர் ஏணி இரவல் வாங்க வந்த பக்கத்து வீட்டம்மா. நேராக அக்காவிடம் வந்து, “தொண்ணூறா? பார்த்தா அப்படித் தெரியலையே!” என்று ஆறுதல் சொன்னார். அக்கா ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தாள்.

“நான் என்ன சிமெண்டு மூட்டையா? லோடுன்னு எழுதியிருக்கீங்க?”

அத்தான் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “சீட்டுல வேற கட்டம் இல்லையே” என்றார். அதோடாவது விட்டாரா என்றால் இல்லை. “மெஷின் பத்துப் பத்தாத்தான் காட்டும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.”

“எண்பத்திரண்டு! ஆஸ்பத்திரி மெஷின்ல பார்த்தேன், எண்பத்திரண்டு!” என்று அக்கா கத்தினாள். தெருவுக்கே கேட்டது. கேட்டுவிட்டது என்று தெரிந்ததும் அவள் முகம் சிவந்துபோனது. “இனிமே இந்த வண்டில நான் காலே வைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றோடு பேச்சு நின்றது.

அத்தானை நான் பிடிபிடி என்று பிடித்தேன். “பெரிய என்ஜின் எதுக்குத்தான் வேணும் உங்களுக்கு?”

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “நாலு தடவை அவளை அந்த மேட்டுல இறக்கிவிட்டேன்டா. அஞ்சாவது தடவை இறக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

“இதை அவகிட்ட சொல்லுங்களேன்!”

“என்னத்தைச் சொல்றது? எல்லாம் சீட்டுல எழுதியிருக்கே.”

தலையில் அடித்துக்கொண்டு நானே போய் அக்காவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. “அவர் வாயால சொல்லட்டும்” என்றாள்.

இதில் சிக்கல் என்னவென்றால், நானூற்றுப் பன்னிரண்டு பைகளும் அக்காவின் அறையில் இருந்தன. எந்தப் பையில் எது என்று பதிவேட்டுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். ஆக, அத்தான் சீட்டு எழுதினார். ஷெட்டிலிருந்து வீட்டுக்குப் பதினெட்டு அடி தூரம். அதற்குத் தபால்காரன் நான்.

“ஹெட்லைட் வளையம், இடது, 1” என்று போகும். “எதற்கு?” என்று திரும்பி வரும். “வெளிச்சத்துக்கு” என்று மறுபடி போகும். அப்புறம்தான் பை வரும். ஒரு நாள் அவள் குளிக்கப் போயிருந்த சமயம் பார்த்து அத்தான் ஒரு வாஷரை மட்டும் நைசாக எடுத்துவிட்டார். சாயங்காலமே, “பை 207இல் ஐந்துக்கு நான்குதான் உள்ளது” என்று சீட்டு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி திருப்பிக் கொடுத்தார். இன்னொரு நாள் பிரேக் குழாய் கேட்ட சீட்டின் அடியில், சின்ன எழுத்தில், “சாப்பிட்டாயா?” என்று எழுதியிருந்தார். அக்கா அதை வட்டமிட்டு, “இப்படி ஒரு பாகம் பதிவேட்டில் இல்லை” என்று எழுதித் திருப்பினாள். அதைப் படித்துவிட்டு அத்தான் அன்று முழுக்க வேலையே செய்யவில்லை. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. அழுகையும் வந்தது என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை.

என்ஜினை வண்டிக்குள் இறக்கும் நாளும் வந்தது. அவசரம் சங்கிலியில் கட்டி மெல்ல மெல்ல இறக்கினான். முன்பக்கம் ரேடியேட்டரில் முட்டியது. பின்பக்கம், ஆள் கால் வைக்கிற இடத்துக்கு முன்னால் இருக்கிற தகட்டுச் சுவரில் முட்டியது. அந்தச் சுவரை ஒரு சாண் உள்ளே தள்ளினால்தான் என்ஜின் உட்காரும். அவசரம் சாக்கட்டியை எடுத்து, பக்கத்து சீட்டின் பக்கம் கோடு போட்டான். “இந்தப் பக்கம் பெடல் இல்ல, ஒண்ணும் இல்ல. என்ஜினைக் கொஞ்சம் இப்படி நகர்த்தி, இங்கயே வெட்டிடலாம்.”

“அங்க அவ கால் வரும்” என்றார் அத்தான்.

“அம்மாதான் ஏற மாட்டேன்னுட்டாங்களே சார். பேசாம அந்த சீட்டையே மாட்டாம விட்டுடலாம். ரேஸ் வண்டி மாதிரி இருக்கும்.”

அத்தான் யார் மேலும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். சாக்கட்டியைப் பிடுங்கி, தன் பக்கத்தில் அழுத்தி ஒரு கோடு போட்டார். “இங்க வெட்டு.”

“ஆறடி ஆளு நீங்க! காலைக் கழட்டி வெச்சுட்டா ஓட்டுவீங்க?”

“மடக்கிக்கிறேன்” என்றார். என் பக்கம் திரும்பி, “இதை உங்க அக்காகிட்ட போய் ஒப்பிக்காதே” என்றார். வெட்டினார்கள். பெடல்கள் ஒரு சாண் பின்னால் வந்தன. என்ஜின் உட்கார்ந்தது.

என்ஜின் உயரத்துக்குப் பானெட்டில் மேடு வைத்துத் தட்டியாயிற்று, முன் ஸ்பிரிங் மாற்றியாயிற்று, சிவப்பு பெயிண்டும் அடித்தாயிற்று. எல்லா அனுமதியும் வாங்கியாயிற்று. கடைசியாக ஒரே ஒரு சீட்டு போனது: “பக்கத்து சீட் போல்ட், 4.”

“வழங்க இயலாது” என்று வந்தது.

மறுநாளும் எழுதினார். அதே பதில்தான். ஒரு வாரம் இப்படியே போனது. “நாலு போல்ட்டுதானே, கடையில அள்ளிட்டு வரேன்” என்றான் அவசரம். அத்தான் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். “அது அவ கையாலதான் வரணும். இல்லேன்னா சீட் வேண்டாம்.” தினம் சாயங்காலம் வண்டியில் ஏறி, முழங்காலை மடக்கிக்கொண்டு, பக்கத்தில் சீட் இல்லாத வெறும் தகட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “நீ ஒண்ணும் கொடுக்க வேண்டாம். வந்து ஒரு தடவை கண்ணால பாரு, போதும்!” என்று அக்காவிடம் சத்தம் போட்டேன்.

“சரிபார்க்க வரேன்” என்றாள். பதிவேட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். அத்தானைத் திரும்பியும் பார்க்காமல் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக டிக் அடித்தாள். உள்ளே குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“இந்தப் பக்கம் இவ்வளவு இடம் இருக்கு. அந்தப் பக்கம் ஏன் இப்படி இருக்கு?”

அவசரம் வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரப்பட்டான். “நான் உங்க பக்கம்தான்மா வெட்டலாம்னேன். இதோ கோடுகூட அழியாம இருக்கு பாருங்க. சார் ஒத்துக்கல. உங்க கால் வரும்னாரு.”

அக்கா அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அத்தானிடம், நூற்று நாற்பத்தாறு நாளைக்குப் பிறகு பேசினாள்.

“ஏறி உக்காருங்க.”

ஏறி உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டியரிங்குக்கு மேலே எட்டிப் பார்த்தது.

“எதுக்கு இந்தப் பெரிய என்ஜின்? வாயைத் திறந்து சொல்லுங்க.”

“நீ இறங்கக் கூடாதுன்னு.”

அக்கா கைப்பையைத் திறந்தாள். நாலு போல்ட்டும் அதற்குள்ளேயே இருந்தன. அத்தனை நாளும் அதைத் தூக்கிக்கொண்டுதான் ஆபீசுக்குப் போய் வந்திருக்கிறாள். “ஸ்பேனர் கொடு” என்று என்னிடம் வாங்கி, சீட்டை இடத்தில் வைத்துத் தானே முடுக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாங்கினதுக்குக் கையெழுத்துப் போடுங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார்கள். நானும் அவசரமும் கருவிப் பையோடு ஸ்கூட்டரில் பின்னால் போனோம். தண்ணீர்த் தொட்டி மேட்டை அந்த என்ஜின் சட்டை செய்யவே இல்லை. வழக்கமாக அக்கா இறங்கும் வளைவு வந்தது. அங்கே பார்த்து ஒரு லாரி பின்னால் எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்தது. வண்டிகள் ஊர்ந்தன. கிளட்சை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்து, அத்தானின் மடக்கிய கால் இழுத்துக்கொண்டுவிட்டது. கைபிரேக்கைப் போட்டுவிட்டு “ஐயோ” என்று வெளியே குதித்து, ஒற்றைக் காலில் நொண்டினார்.

அக்கா கதவில் கை வைத்தாள்.

“இறங்காதே!” என்று காலைப் பிடித்துக்கொண்டே அலறினார். “நீ மட்டும் இறங்காதே!”

அக்கா இறங்கவில்லை. நடுவில் இருந்த கியர் மேட்டைத் தாண்டி, அப்படியே ஓட்டுநர் சீட்டுக்கு நகர ஆரம்பித்தாள். எண்பத்திரண்டு கிலோ அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் லாரிக்காரனே வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். உட்கார்ந்து காலை நீட்டினாள். அக்கா குள்ளம். பெடல் மூன்றும் அளவெடுத்து வைத்ததுபோல் அவள் காலுக்கு வந்து நின்றன.

“ஏறுங்க” என்றாள்.

அத்தான் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறி, மிச்சம் வைத்த இடம் முழுவதிலும் காலை நீட்டிக்கொண்டார். பத்தொன்பது வருஷமாகப் புதுப்பித்த லைசென்ஸ் அன்று வேலை செய்தது. கியர் போட்டாள், ஒரு முறைகூடத் திணறாமல் மேலே போனாள். பின்னால் என் ஸ்கூட்டர்தான் இரண்டு பேரை இழுக்க முடியாமல் நின்றது. அவசரத்தை இறக்கி நடக்கவிட்டேன்.

மறுநாள் ஷெட் சுவரில் பழைய சீட்டைக் காணோம். புதுச் சீட்டு ஒட்டியிருந்தது, அக்காவின் கையெழுத்தில். லோடு: 70, அடைப்புக்குள் அத்தானின் பெயர். ஓட்டுநர்: 82. அந்த எண்பத்திரண்டுக்குக் கீழே இரண்டு கோடு.

இப்போதெல்லாம் பக்கத்து வீட்டம்மா ஏணி கேட்டு வந்தால் அக்கா எழுந்திருப்பதில்லை. “ஷெட்லதான் இருக்கு, நீங்களே உள்ள போய் எடுத்துக்கோங்க” என்கிறாள்.