ஒரே பக்கத்தில் இரண்டு பெயர்கள்

ஆரணியில் ஒரு வம்சாவளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மாடியில் இரண்டு அறைகள், ஒரு ஜெராக்ஸ் மிஷின், நான். குடும்ப மரம் எழுத வருகிறவர்கள் முதலில் கேட்பது பெயர்ப் பதிவேடுகளை. பெயர் கிடைத்த பிறகு அவர்களை எழுந்திருக்க விடாமல் பிடித்துக்கொள்வது பக்கத்து அலமாரியிலுள்ள வட்டார வரலாற்றுப் புத்தகங்கள். உள்ளூர் ஆசிரியர்கள் எழுதி உள்ளூரிலேயே அச்சடித்தவை. எந்த ஏரி எப்போது உடைந்தது, பள்ளிக்கூடத்துக்கு யார் இடம் கொடுத்தார் என்றெல்லாம் அவற்றில் இருக்கும். யாரை யார் காட்டிக்கொடுத்தார் என்பதும் சில பக்கங்களில் இருக்கும்.

அன்று நான் கதவைத் திறந்து மின்விசிறியைப் போடுவதற்குள் அவர் வந்துவிட்டார். சேவூர்க்காரர். வீட்டில் இரண்டு தறி. போன வருடம் தன் குடும்பத்து மரத்தை எழுத ஒரு மாதம் போல வந்து போனவர், ஒருநாள் ஒரு புத்தகத்தைப் பாதியில் மூடி வைத்துவிட்டு அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார்.

"மேடம், இன்னிக்கு களம்பூர்லேர்ந்து ஒரு டீச்சரம்மா வராங்களா?"

"பதினொரு மணிக்கு வரேன்னு போன் பண்ணாங்க."

"அவங்க அண்ணன் பையனுக்குத்தான் எம் பொண்ண பேசிகினு இருக்கோம்." அவர் உட்காரவில்லை. "கல்யாணப் பத்திரிகைல அவங்க கொள்ளுத்தாத்தா பேர் போடணுமாம். அதத் தேடிதான் வராங்க. அந்தப் புக்க மட்டும் எடுத்துடுங்க மேடம்."

எந்தப் புத்தகம் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பஞ்ச காலத்தில் களம்பூர் நெல் கிடங்கை உடைத்து மூட்டைகளை எடுத்துப்போனவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். அவர்கள் சிறைக்குப் போனதும், போலீசிடம் அந்தப் பெயர்களைச் சொன்ன சேவூர்க்காரரின் பெயரும் அதே பக்கத்தில். அந்தச் சேவூர்க்காரர் இவருடைய கொள்ளுத்தாத்தா.

"அப்படியெல்லாம் எடுக்கக் கூடாதுங்க."

"ஒரு நாளைக்கு. பொண்ணு ரெண்டு வருஷமா இந்தப் பையனுக்காகத்தான் காத்துகினு இருக்கா." கைகூப்பினார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர்.

புத்தகத்தை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஏன் செய்தேன் என்று இன்றும் நன்றாகத் தெரியும். அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. எதிரில் ஒருவர் கைகூப்பி நிற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர் போயிருக்கலாம். போகவில்லை. மூலையில் ஒரு பதிவேட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டீச்சரம்மா சரியான நேரத்துக்கு வந்தார். மூலையில் இருந்தவரைப் பார்த்ததும், "அண்ணா, நீங்களும் இங்கயா!" என்று சிரித்தார். பிறகு என்னிடம் திரும்பி, களம்பூர், சேவூர், முள்ளிப்பட்டு பற்றி இருக்கிற எல்லாவற்றையும் கேட்டார். எடுத்து அடுக்கினேன். பட்டியல் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தார். பள்ளிக்கூடத்துப் பழக்கம். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இந்த நம்பர் காணோமே?"

"பைண்டிங்குக்குப் போயிருக்குங்க."

என் குரல் தடுமாறவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எப்ப வரும்? எங்க தாத்தா சாவறப்ப கூட சொன்னாரும்மா. அவரோட அப்பா ஜெயில்லயே செத்துட்டாராம். பொணத்தக்கூட குடுக்கலையாம். ஊர்ல திருடன்னு பேராயி, அவர் பேர வீட்ல யாருமே சொல்றதில்ல. எனக்கு அந்தப் பேர் என்னான்னே தெரியாது. இந்தப் புக்ல இருக்குதுன்னு ஒருத்தர் சொன்னார்."

அந்தப் பக்கம் அவருடைய குடும்பத்துக்கும் உரியது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாவி என் கையில்தான் இருந்தது. மூலையில் நாற்காலி நகரும் சத்தம்.

"பைண்டிங்லாம் இல்லம்மா. இங்கதான் இருக்குது." அவர் எழுந்து நின்றிருந்தார். "நாந்தான் எடுத்து வைக்கச் சொன்னேன். மேடத்த தப்பா நெனைக்காதீங்க."

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். நான் இழுப்பறையைத் திறந்தேன். பெண்ணின் அப்பாவே புத்தகத்தை வாங்கி, பக்கத்தைப் புரட்டி, நின்றபடி வாசித்தார். சிறைக்குப் போனவர்களின் பெயர்களை முதலில். ஒரு பெயர் வந்ததும், களம்பூரில் டீச்சரம்மா வீட்டுத் தெருவின் பெயரும் கூடவே வந்தது. டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பெண்ணின் அப்பா நிறுத்தாமல் அடுத்த வரியையும் வாசித்தார்.

"இது எங்க கொள்ளுத்தாத்தா."

டீச்சரம்மா போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். யாரிடமோ உரக்கப் பேசினார், அழுதார், மறுபடி பேசினார். இவர் புத்தகத்தின் மேல் கை வைத்தபடி நின்றே இருந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

திரும்பி வந்தவர் உட்காராமலே சொன்னார்: "அண்ணனாண்ட சொல்லிட்டேன். கோவமாத்தான் இருக்காரு. பையன் கல்யாணத்த நிறுத்தக் கூடாதுங்கறான். நீங்க மறைச்சதுதாண்ணா எனக்குத் தாங்கல."

"எனக்கும்தாம்மா," என்றார் அவர்.

பன்னிரண்டு நாள் கழித்துத்தான் முடிவு தெரிந்தது. பிறகு கல்யாணமும் நடந்தது. பையனின் பெரியப்பா வீட்டார் வரவில்லை, இன்னும் பேசுவதில்லை என்று கேள்வி.

புத்தகத்தை மறைத்த அந்த வாரமே, நூலகத்தை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "இதுக்கு முன்னால எதையாச்சும் மறைச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. ஆனாலும் திங்கட்கிழமை அவரே பட்டியலோடு வந்து, வட்டார வரலாற்று அலமாரி முழுவதையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.