‘நீர்’ என்ற ஒரு சொல்

என் கணவர் என்னை எப்போதும் ‘நீ’ என்றுதான் சொல்வார். பொய் சொல்லும்போது மட்டும் தன்னை அறியாமல் ‘நீர்’ என்பார். இது அப்போது எனக்கு மட்டுமே தெரியும்.

அன்புவழிபுரத்து வீட்டில் ஞாயிறு மதியங்களில் எங்கள் இரண்டு மகள்களோடும் கள்ளன் பொலிஸ் விளையாடுவோம். ராசா, மந்திரி, பொலிஸ், கள்ளன் என்று நான்கு கடதாசித் துண்டுகள். பொலிஸ் எடுத்தவர் கள்ளனைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கள்ளன் அவரிடம் வந்தால், “நீர் என்னையோ சந்தேகப்படுறீர்? நான் மந்திரி” என்பார். உடனே பிடித்துவிடுவேன்.

“எப்பிடியம்மா ஒவ்வொரு முறையும் பிடிக்கிறீங்கள்?” என்று சின்னவள் ஒருநாள் கேட்டாள். கெட்டித்தனம் காட்டும் ஆசையில் சொல்லிவிட்டேன்.

“அடியே, மரியாதை குடுத்தே இவ்வளவு நாளும் மாட்டுப்பட்டிருக்கிறன்!” என்று அவர் சிரித்தார். அடுத்த சுற்றில், “நீ சும்மா இரு, நான் மந்திரி” என்றார். நம்பித் தோற்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சில மாதங்களின் பின் வயிற்றுவலிக்குப் பரிசோதனை செய்துவிட்டு வந்தார். வாசலிலேயே கேட்டேன்.

“நீ ஏன் பயப்பிடுறாய்? வெறும் புண்தானாம். குளிசை தந்தவை.”

அந்த ஒரு சொல் வருகிறதா என்று கவனித்தேன். வரவில்லை. நிம்மதியாகச் சோறு போட்டேன்.

அவர் மயங்கி விழுந்த அன்று வைத்தியர் என்னிடம், “புற்றுநோய் எண்டு அப்பவே சொன்னனாங்கள். கொழும்புக்குப் போகக் கடிதமும் குடுத்தனாங்கள். உங்களுக்குத் தெரியாதா?” என்றார். மூத்தவளின் உயர்தரப் பரீட்சை முடியட்டும் என்று இருந்தாராம்.

அவர் போய் ஒரு வருடம். உரிய நேரத்தில் கொழும்புக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று விளையாட்டில் நான் வாய் திறக்காதிருந்தால், அந்த வாசலிலேயே அவரைப் பிடித்திருப்பேன்.